கரகரத்த ஏழு மாதங்கள்: தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரின் குரல்நாண் பாலிப் – நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சுங்கை சிப்புட் வட்டாரம். 41 வயதுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஏழு மாதமாகத் தீராத குரல் கரகரப்புடன் வருகிறார். காது மூக்கு தொண்டை அறுவைப் பயிற்சியில் இருப்பவர்களும் பேச்சு சிகிச்சைப் பயிற்சியில் இருப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக இந்த ஆய்வு எழுதப்பட்டது. இது ஒருவரின் கோப்பு அன்று. இதே நிலையில் வரும் ஆசிரியைகளிடம் காணக்கூடியவற்றைச் சேர்த்துப் பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு, அளவுகளும் அப்படியே.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குரல்நாணில் வளர்ந்த பாலிப் என்னும் தீங்கற்ற கட்டியை எடுப்பது அறுவை மருத்துவரின் 40 நிமிட வேலை. அது நிலைக்குமா, ஓராண்டில் திரும்ப வருமா என்பது அதற்கு முன் ஆறு வாரமும் பின் பன்னிரண்டு வாரமும் அந்தக் குரல் எப்படிப் பழக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு துறையும் தனித்தனி அறையில் பயிலும்வரை இது இருவருக்குமே முழுதாகப் புரிவதில்லை.

கேட்டு அறிந்தது

"எப்போதிலிருந்து?" என்று கேட்டால் "ஏழு மாசமா" என்றுதான் பதில் வரும். "எந்த நிமிஷத்திலிருந்து என்று நினைவிருக்கிறதா?" என்று கேட்டதும் கதை மாறியது. பள்ளி விளையாட்டுப் போட்டி நாள். ஒலிபெருக்கி பழுது. தன் விளையாட்டு இல்லத்துப் பிள்ளைகளுக்காகத் திடலோரம் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, பாதிக் கூவலில் குரல் பட்டென்று அறுந்தது. வலி இல்லை. மறுநாள் காலை, "ஆம்பளக் குரல் மாதிரி ஆயிருச்சு டாக்டர்." அன்று மாதவிலக்கின் இரண்டாம் நாள்; வயிற்று வலிக்கு மெஃபனமிக் அமிலம் எடுத்திருந்தார். அந்த வகை வலி மாத்திரைகள் இரத்தத் தட்டணுக்களின் வேலையைத் தடுப்பதால், சிறு குழாய் கிழிந்தால் கசிவு எளிதில் நிற்காது. கத்தலும் மாத்திரையும் ஒரே நாளில் சேர்ந்தது இந்த வரலாற்றின் திறவுகோல்.

மெல்ல மெல்ல வந்த கரகரப்பு என்றால் இரு நாணும் ஓயாமல் உரசி வரும் தடிப்புகளான குரல்நாண் முடிச்சுகளை நினைக்கலாம். ஒரே கணத்தில் அறுந்த குரல் என்றால் இரத்தக் கசிவும் அதன் பின் உருவாகும் பாலிப்பும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால், முதலில் போன கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக்கும், பிறகு இரண்டு மாதம் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் கிடைத்தன. குரல்வளையை யாரும் பார்க்கவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டைக் கழகம் 2018-இல் புதுப்பித்த வழிகாட்டி இதில் தெளிவாக இருக்கிறது: கரகரப்பு நான்கு வாரத்தில் தீராவிட்டால் குரல்வளையைப் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு முன் ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு, அமிலம் குறைக்கும் மாத்திரை எதையும் வழக்கமாகக் கொடுக்கக் கூடாது. குரல் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்னும் பார்த்தாக வேண்டும். பேச்சு சிகிச்சை மாணவர்கள் இந்தக் கடைசி வரியை மனப்பாடமாக வைத்திருங்கள். பார்க்காமல் பயிற்சி தொடங்கச் சொன்னால் மறுக்கும் உரிமை உங்களுக்கு இதில்தான் இருக்கிறது.

குரலின் சுமையைக் கணக்கிடுவோம். பெண் குரலில் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 முறை மோதுகின்றன. பாடவேளைகளின் இடைவெளி நீக்கி, ஒரு நாளில் உண்மையாகக் குரல் எழும் நேரம் இரண்டு மணி என்று வைத்தால் 14 லட்சத்து 40 ஆயிரம் மோதல். இதற்கு மேல் வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு. காலையில் எடுத்துப்போகும் தண்ணீர்ப் புட்டி மூடி திறக்காமலே வீடு திரும்புகிறது. கழிப்பறை கட்டடத்தின் கோடியில், வகுப்பை விட்டுப் போக முடியாது. இதைக் கேட்டறியாமல் "தண்ணீர் நிறையக் குடிங்க" என்று எழுதிக் கொடுப்பதால் பயன் இல்லை. இவருக்கு ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் இரண்டு மிடறு என்று மாற்றினோம்.

கண்ணால் பார்த்தது

நாண் வேகமாக அதிர்வதால் சாதாரண வெளிச்சத்தில் அதன் ஓரம் மங்கலாகவே தெரியும். ஸ்ட்ரோபோஸ்கோபியில், குரலின் அதிர்வெண்ணை விடச் சற்றே விலகிய வேகத்தில் ஒளி மின்னுகிறது. அதனால் பல சுழற்சிகளின் துண்டுகள் சேர்ந்து மெதுவாக அசையும் ஒரு படம் போலத் தெரிகிறது. குரல் மிகவும் ஒழுங்கற்றுப் போனால் கருவிக்கு அதிர்வெண் பிடிபடாது, படம் துள்ளும். அப்போது கருவி பழுது என்று நினைக்காமல், "கொஞ்சம் மேல் சுருதியில ஈ சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குச் சுருதி சற்று ஏறியதும் படம் நிலைக்கும்.

வலது நாணின் அதிரும் பகுதியின் நடுவில் செந்நிறக் கட்டி, அகன்ற அடி. அதை நோக்கி மேற்புறத்தில் ஓடிவரும் விரிந்த இரத்தக் குழாய் ஒன்று. எதிரே இடது நாணில், கட்டி வந்து இடிக்கும் அதே இடத்தில் வெளிறிய தடிப்பு. மூடும்போது கட்டிக்கு முன்னும் பின்னும் இடைவெளி. மணல் கடிகார வடிவம். அதற்கும் மேலே, குரல்நாண்களுக்கு மேல் உள்ள மடிப்புகளான பொய் நாண்கள் இரண்டும் உள்ளே நெருங்கி வந்து காட்சியையே பாதி மறைத்தன.

பயிலுநர்கள் இங்கே வழக்கமாக வழுக்குகிறார்கள். ஆசிரியை, இரு பக்கமும் தடிப்பு, ஆகவே முடிச்சு என்று எழுதிவிடுகிறார்கள். முடிச்சுகள் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கும். இங்கே ஒரு பக்கம் சிவப்பு, பெரிது. மறுபக்கம் அது உரசியதால் வந்த எதிர்வினை. நீர்க்கட்டியா என்ற ஐயத்துக்கு, அதிரும்போது நாணின் மேற்பரப்பில் ஓடும் சளிச்சவ்வு அலையைப் பாருங்கள். சவ்வின் உள்ளே புதைந்த நீர்க்கட்டியின் மேல் அலை பெரும்பாலும் நின்றுபோகும் அல்லது மிகவும் குறையும். பாலிப்பின் மேல் அலை தளர்ந்தாவது ஓடும். இவருக்கு ஓடியது.

இந்த அலை எங்கே பிறக்கிறது என்பதே அறுவைக்கான அடித்தளம். ஜப்பானின் மினோரு ஹிரானோ 1970-களில் விளக்கியபடி, நாண் என்பது உடலும் போர்வையும். உள்ளே தசை, வெளியே மேற்தோலும் அதன் கீழ் கூழ் போன்ற தளர்ந்த அடுக்கும். ரெய்ங்கே பெயரால் வழங்கும் அந்தக் கூழ் அடுக்கின் மேல்தான் போர்வை வழுக்கி அலையாகிறது. பாலிப் இருப்பதும் அந்த அடுக்கில்தான். அதற்கும் கீழே நாணின் தசைநார். அதைத் தொட்டால் வடு. வடு விழுந்த இடத்தில் போர்வை ஒட்டிக்கொள்ளும், அலை திரும்பாது.

அளந்தது

காதால் கேட்டு மதிப்பிடும் ஜி.ஆர்.பி.ஏ.எஸ். அளவில் (0 இயல்பு, 3 கடுமை) கரகரப்பு 2, காற்றுக்கசிவு 2, இறுக்கம் 2. ஒரே மூச்சில் "ஆ" 8 நொடி. 10-க்குக் கீழ் என்றால் கவனிக்க வேண்டியது. தன் குரல் தன் வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று நோயாளியே நிரப்பும் வி.எச்.ஐ.-10 படிவத்தில் 40-க்கு 27; 11-க்கு மேல் போனாலே இயல்பு அன்று.

ஸ் – ஸ்ஸ் (s/z) விகிதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குரலில்லாத "ஸ்" ஒலியையும் குரலுடைய தேனீ ரீங்கார ஒலியையும் எவ்வளவு நொடி இழுக்க முடிகிறது என்று ஒப்பிடும் சோதனை இது, விகிதம் 1.4-ஐத் தொட்டால் நாண் சரியாக மூடவில்லை என்று ஐயப்படலாம். தமிழில் அந்த இரண்டாவது ஒலி இல்லை. தோட்டப்புறப் பெரியவர்கள் பலர் இரண்டு முறையும் "ஸ்"தான் இழுப்பார்கள்; விகிதம் 1 என்று வந்து எல்லாம் சரி என்று காட்டிவிடும். காலத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல் "zaman" அல்லது மிருகக்காட்சிசாலையைக் குறிக்கும் "zoo" என்று சொல்லச் சொல்லி, முதல் ஒலியில் நிறுத்தி, தொண்டையில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடிகாரத்தை அழுத்துங்கள்.

கத்திக்கு முன் ஆறு வாரம்

பாலிப்புக்குப் பயிற்சியா, நேரே அறுவைக்குப் போகலாமே என்று அறுவைப் பயிலுநர்கள் கேட்பார்கள். சிறிய இரத்தக்கசிவுப் பாலிப்புகள் சில தாமாகவே சுருங்குகின்றன. அது ஒரு காரணம். பெரிய காரணம், மேலே நெருக்கும் அந்தப் பொய் நாண்கள். அந்த இறுக்கத்தோடு மேசைக்குப் போனவர் அதே இறுக்கத்தோடுதான் விழிப்பார். ஆறாத புண்ணின் மேல் முதல் நாளே இடிப்பார்.

முதலில் குழாயும் தண்ணீரும். ஃபின்லாந்தின் மார்கெட்டா சிஹ்வோ வகுத்த லாக்ஸ்வாக்ஸ் முறை: 35 செ.மீ. நீள சிலிக்கோன் குழாய், உள் விட்டம் 9 முதல் 12 மி.மீ.; அரைப் புட்டித் தண்ணீர்; குழாயின் நுனி 2 செ.மீ. மட்டும் மூழ்க வேண்டும். உதடுகளால் குழாயைச் சுற்றி மூடி, "ஊ" என்று குரல் கொடுத்தபடி குமிழ் விட வேண்டும். ஆழம் எத்தனை செ.மீ.யோ, குமிழ் கிளம்ப அத்தனை செ.மீ. நீர் அழுத்தம் தேவை. அந்தப் பின்னழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கி வைக்கிறது. மோதல் மெத்தென்று ஆகிறது.

இரண்டாம் வாரம் இவர் தலைவலியோடு வந்தார். மீன் தொட்டிக் கடையில் வாங்கிய குழாய். உள் விட்டம் 4 மி.மீ. காற்று போக வழியில்லாமல் கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளியிருக்கிறார். பபிள் டீ விற்கும் கடையின் அகன்ற உறிஞ்சுகுழாயைக் கொடுத்தோம். நீளம் குறைவு, ஆனால் விட்டம் பொருந்துகிறது. எந்த ஊரிலும் கிடைக்கும்.

அடுத்தது முகத்தில் அதிரும் குரல். கேத்தரின் வெர்டோலினி ஆபட் வளர்த்த ஒத்ததிர்வுப் பயிற்சியை, ஆங்கிலத் தாளிலிருந்து படித்துச் சொல்லிக் கொடுத்தால் இவருக்கு எட்டாது. நம்மிடம் அதற்கு ஒரு பழைய வழக்கம் இருக்கிறது: கதை கேட்பவர் உம் கொட்டுவது. "நான் கதை சொல்றேன், நீங்க உம் கொட்டுங்க டீச்சர்" என்றதும், இயல்பான சுருதியில், இறுக்கமில்லாத "ம்ம்" தானாக வந்தது. உதட்டிலும் மூக்குத் தண்டிலும் குறுகுறுப்பு தெரிகிறதா என்று கேட்டு, அந்த உணர்வு கலையாமல் "ம்ம்மா", "ம்ம்மாமா", பிறகு "நானும் மாமாவும் மாலையில் நடந்தோம்" என்று வாக்கியத்துக்கு நகர்த்தினோம். மெல்லின எழுத்துகள் மிகுந்த மொழி இந்தப் பயிற்சிக்குக் கொடுப்பினை.

வகுப்பறைக் கட்டளைகள் இன்னொரு சிக்கல். "அமைதி!", "எல்லாரும் எழுந்திருங்க!", "எடுங்க புத்தகத்த!" – எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குகின்றன. சத்தமாகச் சொல்லும்போது நாண்கள் முதலில் இறுக மூடி, பிறகு வெடித்துத் திறக்கும். ஒவ்வொன்றும் ஒரு சம்மட்டி அடி. "மாணவர்களே", "மெதுவா நில்லுங்க", "நோட்டுப் புத்தகம் எடுங்க" என்று மெல்லினத்தில் தொடங்கும் கட்டளைகளாக ஒரு தாள் தயாரித்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னோம். அமைதிக்குக் கைதட்டல்.

ஜோசப் ஸ்டெம்பிளின் குரல் இயக்கப் பயிற்சியும் இந்தக் கட்டத்தில் தொடங்கியது. நான்கு படி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை, காலையும் மாலையும். பெண்களுக்கு, மேற்கத்திய இசையின் நடு சி-க்கு மேலுள்ள எஃப் சுரத்தில் "ஈ"யை மெல்லிய குரலில் முடிந்தவரை இழுப்பது, தாழ்விலிருந்து உச்சிக்கு வழுக்குவது, உச்சியிலிருந்து தாழ்வுக்கு, கடைசியாக நடு சி முதல் ஜி வரை ஐந்து சுரங்களைத் தனித்தனியே இழுப்பது. தேவாரம் பாடுபவர் என்பதால் சுருதிப் பெட்டியில் நான்கு கட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார் ஒரு பயிலுநர். தவறு அங்கே நுழைந்தது. நான்கு கட்டையில் பெண்கள் பிடிக்கும் ஆதார சட்ஜம் ஏறக்குறைய 175 ஹெர்ட்ஸ். பயிற்சிக்கு வேண்டியதோ 349, அதாவது அதன் மேல் ஸ்தாயி சட்ஜம். ஒரு ஸ்தாயி கீழே பயின்றால் நாண் நீளவே நீளாது. சுருதிப் பெட்டியைத் தவிர்த்துக் கைப்பேசியில் கீபோர்டு செயலியின் சுரத்தைக் காட்டிவிடுவது பாதுகாப்பு. ஐந்து சுர வரிசையை மட்டும் "சங்கராபரணத்தில் ச ரி க ம ப" என்றால் போதும், பிடித்துக்கொள்வார்.

நகரத்துக்கு வாரந்தோறும் வர விடுப்பு கிடைக்காததால் பாதி அமர்வுகள் காணொளி அழைப்பில் நடந்தன. இரைச்சல் நீக்கும் வசதி இயங்கினால், நீளமாக இழுக்கும் உயிரொலியை மின்விசிறிச் சத்தம் என்று கருதிச் செயலி விழுங்கிவிடும். நோயாளியின் குரல் அறுகிறது என்று நாம் தவறாகப் புரிந்துகொள்வோம். அந்த வசதியை அணைக்க வேண்டும். மதிப்பீட்டுக்குத் தனியே பதிவு செய்து கோப்பாக அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

ஆறாம் வாரம் மறுபடி பார்த்தோம். பொய் நாண்கள் விலகியிருந்தன. இடப்பக்கத் தடிப்பு பாதியாகியிருந்தது. "ஆ" 11 நொடி. வலப்பக்கக் கட்டி மட்டும் அப்படியே. இப்போதுதான் அறுவைக்கு நேரம்.

மேசையில்

வலி மாத்திரை ஒரு வாரம் முன்பே பாரசிட்டமாலாக மாற்றப்பட்டது. ஆடும் பல் உண்டா என்று பார்த்து எழுதினோம். நாக்கில் சில வாரம் மரமரப்போ சுவை மாற்றமோ வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது; குரல்வளையைக் காண வாய்வழி நுழைக்கும் உலோகக் குழல் நாக்கை அழுத்துவதால் வருவது, பெரும்பாலும் சரியாகிவிடும். சொல்லாமல் விட்டால் பயந்துபோவார்கள்.

மூச்சுக்குழாய்க்கு 5.0 அளவு மைக்ரோலாரிஞ்சியல் குழாய். சாதாரண 5.0 குழாய் குழந்தைக்கு உரிய நீளம், பெரியவருக்கு எட்டாது. தலையை வைக்கும் விதத்தில் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள்: தோளுக்கடியில் துணிச் சுருள் வைக்கிறார்கள். அது கழுத்தை முழுதும் பின்னுக்கு வளைத்துக் குரல்வளையைக் கண்ணிலிருந்து விலக்கும். கழுத்து மார்பை நோக்கி முன் மடிய, தலை மட்டும் பின் சாய வேண்டும். வாயில் நுழையும் குழல்களில் ஆகப் பெரியதைப் பயன்படுத்துங்கள். நாண்களின் முன்முனை தெரியாவிட்டால் கழுத்தின் மேல் நாடா ஒட்டி மெல்ல அழுத்துங்கள். நுண்ணோக்கிக்கு 400 மி.மீ. வில்லை, அதைவிடக் குறைந்தால் நீண்ட கருவிகளுக்கு இடம் இராது. முழங்கை இரண்டும் தாங்கியில் இருக்கட்டும்.

முதலில் 0, 70 பாகைத் தொலைநோக்கிகளால் பார்த்து, மழுங்கிய முனையால் தடவி, கட்டி தசைநாரோடு ஒட்டியிருக்கிறதா என்று உணர வேண்டும். இரத்தக் குழாய்களைச் சுருக்க, 1:10,000 அட்ரினலின் நனைத்த பஞ்சு இரண்டு நிமிடம். பிறகு கட்டியின் வெளி ஓரத்தில், நாணின் மேற்புறத்தில், அரிவாள் முனைக் கத்தியால் 3–4 மி.மீ. கீறல், மேற்தோல் ஆழம் மட்டும். மழுங்கிய கருவியால் தோலை மெல்லத் தூக்கி, கூழ்ப் பொருளைத் தோலிலிருந்தும் அடியிலிருந்தும் பிரிக்க வேண்டும். வெண்மையாக மினுங்கும் இழை தெரிந்தால் தசைநாரைத் தொட்டுவிட்டீர்கள். நிறுத்தி மேலே வாருங்கள். பிடிக்கும் இடுக்கியை நடுவை நோக்கி இழுக்காதீர்கள். இழுத்தால் நல்ல சவ்வும் கூடாரம் போல எழும்பி வரும், கத்தரி அதையும் வெட்டிவிடும், ஓரத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை எந்தப் பயிற்சியும் நிரப்பாது. மிகுதித் தோலை மட்டும் நறுக்கி, மீதியைப் போர்வையாகத் திரும்பப் படியவைத்தோம். கட்டிக்கு இரத்தம் கொண்டுவந்த விரிந்த குழாய் அடைக்கப்பட்டது; அதை விட்டுவைத்தால் மறுபடி கசியும்.

இடது நாணைத் தொடவில்லை. "மேசையில் இருக்கும்போதே அதையும் சீவிவிடலாமே" என்ற ஆசை வரும். உரசல் நின்றால் அது தானே கரையும். இரு பக்கமும் முன்முனை அருகே புண்ணானால் இரண்டும் ஒட்டிச் சவ்வுத் திரை விழும். எடுத்த திசு, எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், நோய்க்கூறு ஆய்வுக்குப் போக வேண்டும்.

இந்தக் கைப்பழக்கத்துக்கு உலகெங்கும் பன்றிக் குரல்வளை பயன்படுகிறது. மலேசியாவில் எல்லாப் பயிலுநரும் தயக்கமின்றி நிற்கக்கூடிய மேசையே நல்ல மேசை. ஆட்டுக் குரல்வளையை இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து வாங்கலாம். அதற்கும் முன், நுண்ணோக்கியின் கீழ் திராட்சைத் தோலைச் சதை கிழியாமல் உரித்துப் பழகுங்கள்.

மௌனமும் அதன் பிறகும்

மூன்று நாள் முழு மௌனம். ஜப்பானில் 2017-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மூன்று நாள் ஓய்வுக்குப் பின் பயிற்சி தொடங்கியவர்கள் ஏழு நாள் ஓய்ந்தவர்களை விட நன்றாகத் தேறினார்கள். ஆறும் திசுவுக்கு மெல்லிய அசைவு வேண்டியிருக்கிறது. கிசுகிசுப்பது ஓய்வாகாது, பலர் கிசுகிசுக்கும்போது பொய் நாண்களைத்தான் இறுக்குகிறார்கள். தொண்டையைக் கனைக்கத் தோன்றினால் ஒரு மிடறு விழுங்க வேண்டும். வீட்டாருக்கு இதைத் தனியே சொல்லுங்கள். "ஒரு வார்த்தை மட்டும் பேசும்மா" என்று தொலைபேசியை நீட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

நான்காம் நாள் தண்ணீர்க் குழாயில் ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. முதல் இரண்டு வாரம் ஒரு கை தூரத்துக்குள் மட்டும் பேச்சு. மூன்றாம் வாரம் உம் கொட்டும் பயிற்சி, நான்காம் வாரம் வழுக்குச் சுரங்கள். ஆறாம் வாரம் வகுப்பு, ஒலிவாங்கியோடு. அறுவைப் பயிலுநரும் பேச்சு சிகிச்சையாளரும் ஒரே திரையில் ஸ்ட்ரோபோஸ்கோபியைப் பார்த்தே ஒவ்வொரு படியையும் திறந்தார்கள்.

ஒலிவாங்கியை ஆடம்பரம் என்று பள்ளியில் நினைத்தார்கள். அமெரிக்காவில் 2002-இல் 44 ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வில், இடுப்பு ஒலிபெருக்கி அணிந்தவர்களின் குரல் தேறியது. குரல் பாதுகாப்பு அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. காரணம் எளிது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. தகரக் கூரையில் மழை பெய்யும்போது கடைசி வரிசைக்கு எட்ட, ஆசிரியை தன்னறியாமல் கத்துகிறார். ஒலிவாங்கி வாயின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். பெருக்கி முன்புறம் நோக்கி இடுப்பில். ஒலிவாங்கிக்கு நேரே திரும்பினால் கூவும்.

தேவார வகுப்பு கடைசியில் திரும்பியது. பிள்ளைகளின் சுருதிக்காக ஏழு கட்டையில் பாடிக்கொண்டிருந்தவரை ஐந்துக்கு இறக்கினோம். மேல் ஸ்தாயி வரிகளை மூத்த மாணவி ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள்.

பன்னிரண்டாம் வாரம்: "ஆ" 17 நொடி, வி.எச்.ஐ.-10 இல் 6, கரகரப்பு 0, இடப்பக்கத் தடிப்பு மறைந்தது, வலப்பக்க அலை முழுநீளமும் ஓடியது. திசு முடிவு தீங்கற்ற பாலிப். ஸ்டெம்பிள் பயிற்சி நாளுக்கு ஒரு முறையாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஸ்ட்ரோபோஸ்கோபி ஆறாம் மாதம். அதற்கு முன் குரல் மறுபடி பட்டென்று அறுந்தால் அன்றே மௌனம், மறுநாளே பரிசோதனை என்று கோப்பின் முதல் பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதப்பட்டது. விளையாட்டுப் போட்டிக்கு மாற்று மின்கலத்தோடு இரண்டாவது ஒலிபெருக்கியைப் பள்ளி வாங்கியிருக்கிறது.